உறைவா, கிழிவா, சுருக்கமா: பேரண்டத்தின் முடிவு எது?

பேரண்டம் எப்படி முடியும் என்ற கேள்விக்குப் பெரும் உறைவு (விரிந்துகொண்டே போய்க் குளிர்ந்து அணைவது), பெரும் கிழிவு (விரிவே எல்லாவற்றையும் பிய்த்தெறிவது), பெரும் சுருக்கம் (விரிவு திரும்பி எல்லாம் ஒடுங்குவது) என்று மூன்று பதில்கள் போட்டியில் இருக்கின்றன. நிறையப் படித்துப் பார்த்துவிட்டு நான் உறைவின் பக்கம் வந்து நிற்கிறேன், அதனால் இந்த அலசலும் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

பேரண்டம் விரிகிறது என்பதில் சண்டையே இல்லை, அது 1929-இல் வானியலாளர் ஹபிள் காலத்திலேயே தெரிந்த விஷயம். திருப்பம் வந்தது 1998-இல். ஈர்ப்பால் விரிவு எவ்வளவு மெதுவாகிறது என்று பார்க்கத் தூரத்துச் சூப்பர்நோவாக்களை, அதாவது வெடித்துச் சிதறும் விண்மீன்களை, அளந்தன இரண்டு குழுக்கள். அவையோ எதிர்பார்த்ததைவிட மங்கலாக, அதாவது இன்னும் தொலைவில் இருந்தன. விரிவு வேகமெடுக்கிறது! அதற்குக் காரணமான ஏதோ ஒன்றுக்கு இருண்ட ஆற்றல் என்று பெயர். பேரண்டத்தின் மொத்த ஆற்றலில் ஏறக்குறைய 70 சதவீதம் அதுதான்.

என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானிப்பது ஒரே ஒரு விஷயம்: இடம் விரிய விரிய இந்த இருண்ட ஆற்றலின் அடர்த்தி என்ன ஆகிறது? ஒரு கனசதுர இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கங்கள் இரண்டு மடங்கானால் கன அளவு எட்டு மடங்கு, உள்ளே இருக்கும் பொருளின் அடர்த்தி எட்டில் ஒன்றாகிவிடும். ஒளிக்கு அலைநீளமும் சேர்ந்து நீள்வதால் பதினாறில் ஒன்று. இருண்ட ஆற்றல் மட்டும், அது ஐன்ஸ்டைன் 1917-இல் எழுதிய அண்டவியல் மாறிலிதான் என்றால், துளியும் குறையாது. மற்றதெல்லாம் நீர்த்துப்போகும்போது இது ஒன்று அப்படியே நின்றால், விரிவைத் தடுக்க எதுவும் மிஞ்சாது. இதை டபிள்யூ என்ற ஒரே எண்ணில் அடக்குகிறார்கள்: −1 என்றால் அடர்த்தி மாறாது, அதற்குக் கீழே போனால் கூடும், மேலே வந்தால் குறையும்.

−1-க்குக் கீழே போவதுதான் கிழிவு: அடர்த்தி கூடிக்கொண்டே போய், கடைசியில் எல்லாவற்றையும் பிய்த்துவிடும். 2003-இல் கால்டுவெல், காமியன்கோவ்ஸ்கி, வைன்பெர்க் என்ற இயற்பியலாளர்கள் மூவரும் டபிள்யூ −1.5 என்று வைத்துக் கணக்குப் போட்டார்கள்: சுமார் 2,200 கோடி ஆண்டுகளில் எல்லாம் முடிந்துவிடும், பூமி சிதறுவது கடைசி அரை மணி நேரத்தில். அசத்தலான கணக்கு, ஆனால் அளவீடுகள் −1-ஐ ஒட்டியே வருகின்றன, −1.5 பக்கம் போகவே இல்லை.

சுருக்கத்துக்குத்தான் இப்போது கொஞ்சம் உயிர் வந்திருக்கிறது. அமெரிக்காவின் அரிசோனாவில் கிட் பீக் வானாய்வகத்தில் உள்ள, விண்மீன் மண்டலங்களின் தொலைவை அளக்கும் தேசி (DESI) கருவி 2025 மார்ச்சில் தந்த முடிவுகளைப் பிற தரவுகளோடு சேர்த்துப் பார்த்தால், இருண்ட ஆற்றல் பலவீனமாகி வருவதுபோல் தெரிகிறது. எந்தச் சூப்பர்நோவாத் தொகுப்பைச் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து நம்பகம் 2.8 முதல் 4.2 சிக்மா வரை மாறுகிறது (சிக்மா கூடக் கூட, இது தற்செயலாக வந்திருக்கும் வாய்ப்பு குறைவு). கண்டுபிடிப்பு என்று அறிவிக்க 5 வேண்டும். இதை அலட்சியம் செய்ய மாட்டேன். ஆனாலும் பலவீனமானால் மட்டும் சுருக்கம் வந்துவிடாது, இருண்ட ஆற்றலின் அடர்த்தி சுழியத்தையும் தாண்டி எதிர்மறைக்குப் போக வேண்டும். சுழியத்தில் நின்றாலே விரிவு மெல்லத் தொடரும், அதுவும் உறைவில்தான் போய் முடியும்.

உறைவு என்பது மிக மிக மெதுவானது. புதிய விண்மீன்கள் பிறப்பது சுமார் 100 லட்சம் கோடி ஆண்டுகளில் ஓய்ந்துவிடும், சிக்கனமாக எரியும் செங்குறுமீன்கள் என்ற சிறிய, மங்கலான சிவப்பு விண்மீன்களும் பிறகு அணையும். அப்புறம் கருந்துளைகள். இயற்பியலாளர் ஹாக்கிங் 1974-இல் சொன்னபடி அவையும் ஆவியாகும், சூரிய நிறையுள்ள ஒன்றுக்கே 1-க்குப் பின் 67 சுழியங்கள் போட்ட அளவு ஆண்டுகள் ஆகும்.

2023-இல் ஏவப்பட்ட யூக்ளிட் விண்வெளித் தொலைநோக்கியின் தரவும் தேசியோடு ஒத்துப்போய் 5 சிக்மாவைத் தாண்டினால், டபிள்யூ மாறாத எண் என்பதை விட்டுவிடுவேன். ஆனால் உறைவைக் கைவிடுவதற்கு, இருண்ட ஆற்றலின் அடர்த்தி எதிர்மறையை நோக்கிப் போகிறது என்று காட்டும் அளவீடு வேண்டும்.