ஓவர்ஹால் பில் 4,800 வெள்ளி, உள்ளே வேறு என்ஜினின் பழைய பிஸ்டன்

சூப்பர்சார்ஜர் (காற்றை அழுத்தி உள்ளே திணிக்கும் பம்ப்) வைத்த என்ஜின் கட்ட ஆசைப்படுகிறவர்கள், அதிலும் என்னைப்போல் கையில் இருப்பதை எண்ணி எண்ணிச் செலவழிக்கிறவர்கள், பட்டறையில் முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். பட்டறையின் பெயரைப் போடவில்லை. மலேசியாவில் கிள்ளான் வட்டாரம், அவ்வளவுதான்.

கார், அப்பா ஓட்டிய கொரோலா ஏஇ101. அதில் டொயோட்டாவின் 4ஏ-ஜிசெட்இ என்ஜினை ஏற்ற வேண்டும் என்பது பத்து வருட ஆசை. 1,587 சிசி, பெல்ட்டில் சுழலும் எஸ்சி12 சூப்பர்சார்ஜர். நம்மைப் போன்றவர்களுக்கு இது தோதான என்ஜின் என்பதற்குக் காரணம் உண்டு. சாதாரண என்ஜினில் காற்றை அழுத்தித் திணித்தால் பிஸ்டன் தாங்காது. ஃபோர்ஜ்டு பிஸ்டன், அதாவது அடித்து உருவாக்கிய உறுதியான பிஸ்டன், வாங்கிப் போடவே பாதி பட்ஜெட் போய்விடும். இதிலோ தொழிற்சாலையிலிருந்தே ஃபோர்ஜ்டு பிஸ்டன், தாழ்ந்த கம்ப்ரஷன் (பிஸ்டன் காற்றை எத்தனை மடங்கு சுருக்குகிறது என்ற விகிதம்), என்னுடைய மாடலில் 8.9. ஜப்பானிலிருந்து வரும் ஹாஃப்-கட்டில் (பாதியாக வெட்டிய பழைய கார்) என்ஜின், ஈசியு என்கிற என்ஜின் கணினி, ஒயரிங் எல்லாமே சேர்ந்து கிடைக்கும். நான் 6,500 வெள்ளிக்கு எடுத்தேன். மொத்த பட்ஜெட் 12,000.

முப்பது வருடப் பழைய என்ஜினை அப்படியே ஏற்றக் கூடாது என்று ஓவர்ஹாலுக்கு விட்டதுதான் வினை. "தம்பி, போர் 0.50 ஓவர்சைஸ் அடிச்சி, புது ஃபோர்ஜ்டு பிஸ்டன், புது பேரிங், மெட்டல் கேஸ்கட். சூப்பர்சார்ஜர் சர்வீசும் சேர்த்து 4,800. பத்து வருஷத்துக்குத் திறக்கவே வேண்டாம்" என்றார் பட்டறைக்காரர். போர் அடிப்பது என்றால் தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து அகலமாக்குவது. வாட்ஸ்அப்பில் பிஸ்டன் பெட்டியின் படம் வந்தது. பார்த்ததும் மீதிப் பணத்தைப் போட்டுவிட்டேன். படத்தில் பின்னால் சுவரில் தொங்கிய குதிரை நாள்காட்டியை அப்போது கவனிக்கவில்லை. அதில் ஜூன் மாதம். என் என்ஜின் அங்கே போனதே அக்டோபரில்.

எடுக்கப் போன அன்று கம்ப்ரஷன் கேஜை வைத்துக் காட்டினார். நாலு சிலிண்டரிலும் 190 பிஎஸ்ஐக்குக் குறையவில்லை. "புது என்ஜின் மாதிரி!" என்றார். நானும் பூரித்துப்போனேன். 8.9 கம்ப்ரஷன் என்ஜினில் அவ்வளவு வந்தால் சந்தேகப்பட வேண்டும் என்பது எனக்கு எங்கே தெரியும்? கேஜில் எண் ஏற ஏற நல்லது என்றுதானே நினைப்போம்.

ஊருக்குள் ஓடியவரை பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. இழுவை மட்டும் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. பெட்ரோல் தாறுமாறாக வெடித்துத் தட்டுவதை உணரும் நாக் சென்சார், தீப்பொறி நேரத்தைத் தள்ளித் தள்ளி என்ஜினைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறது. நானோ செட்டாக நாளாகும் என்று இருந்துவிட்டேன். 1,900 கிலோமீட்டர் தாண்டியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காராக் நெடுஞ்சாலை. கோம்பாக் டோலைத் தாண்டி ஏற்றம் தொடங்கினால் கெந்திங் செம்பா வரை மிதியிலிருந்து கால் எடுக்க முடியாது. பாதி ஏற்றத்தில் டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கியதுபோல் சத்தம். கண்ணாடியில் பார்த்தால் பின்னால் ஒரே நீலப் புகை. லோரியில் ஏற்றிக்கொண்டுதான் வீடு வந்து சேர்ந்தேன்.

பட்டறைக்காரர் சொன்ன பதில், "நீ ரோன்95 ஊத்தியிருப்பே." நான் ஊற்றியது அதைவிட உயர்ந்த ரகப் பெட்ரோலான ரோன்97. ரசீது இருக்கிறது.

ஈப்போவில் இருக்கும் இன்னொரு மெக்கானிக் அண்ணனிடம் என்ஜினைக் கொண்டுபோனேன். ஹெட்டைக் கழற்றியதும் என் கையைப் பிடித்து சிலிண்டரின் மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே நகத்தை வைத்து இழுக்கச் சொன்னார். நகம் ஒரு படியில் தட்டி நின்றது. "இந்தப் படி பல வருஷத் தேய்மானம். போர் அடிச்சிருந்தா இது இருக்கவே இருக்காது. சும்மா உள்சுவரை லேசா உரசி, அதான் ஹோன் பண்ணி, ரிங் மாத்தியிருக்கான்." 81.5 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய சிலிண்டர், அளவுகோலில் மேலே 81.09, கீழே 81.01.

மூன்றாவது பிஸ்டனில் ரிங் உட்காரும் பள்ளத்தின் விளிம்பு பிஸ்கட் மாதிரி உடைந்திருந்தது. அதைவிடப் பெரிய கொடுமை, அந்த நான்கு பிஸ்டனுமே இந்த என்ஜினுடையவை அல்ல. சூப்பர்சார்ஜர் இல்லாத 4ஏ-ஜிஇயின் வார்ப்புப் பிஸ்டன், 10.3 கம்ப்ரஷன்காரன். அளவு ஒன்றாக இருப்பதால் உள்ளே உட்கார்ந்துகொள்ளும். கேஜில் 190 வந்த மர்மம் இதுதான். என் என்ஜினோடு வந்த அசல் ஃபோர்ஜ்டு பிஸ்டன்கள் எங்கே போயின என்று உங்களுக்கே புரியும். புதிதாகப் போடாதது ஒரு பக்கம், இருந்ததையும் உருவிக்கொண்டார்.

சூப்பர்சார்ஜருக்கு என்ஜின் எண்ணெய் போகாது. அதன் கியர் பெட்டிக்குத் தனி எண்ணெய். "சர்வீஸ்" செய்ததாகச் சொன்னாரே, அந்த எண்ணெய்த் திருகில் பழைய பெயிண்ட் கீறல்கூட விழாமல் அப்படியே இருந்தது.

பட்ஜெட் சிறியது என்பதால் நான் ஏமாறவில்லை. மூடிய என்ஜினை நம்பிப் பணம் கொடுத்தேன், அதனால் ஏமாந்தேன். இந்த முறை மெஷின் ஷாப்பில் போர் அடித்த பிளாக்கை நானே போய் அளந்து பார்த்தேன். பிஸ்டன் தலையில் ஓவர்சைஸ் குறியைப் படம் எடுத்தேன். ரிங்கின் வாய் இடைவெளியை ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்தோம், 0.4 மில்லிமீட்டர். பூஸ்ட், அதாவது காற்றை அழுத்தித் திணிக்கும் என்ஜினில் இதை இறுக்கமாக விட்டால் சூட்டில் ரிங்கின் இரண்டு முனையும் முட்டிக்கொண்டு பிஸ்டனை உடைக்கும். கழற்றிய பழைய பாகங்கள் அத்தனையும் என் வீட்டுப் பெட்டியில். முன்பே கேட்டு வாங்கியிருந்தால் அந்த நான்கு பிஸ்டனாவது மிஞ்சியிருக்கும். சூப்பர்சார்ஜர் பெல்ட்டைச் சுழற்றும் கிராங்க் புல்லியைப் பெரிதாகப் போட்டு பூஸ்ட்டை ஏற்றும் எண்ணத்தைத் தள்ளிவைத்துவிட்டு, அந்தக் காசை ரேடியேட்டருக்குக் கொடுத்தேன்.

பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் புகார் போட்டேன். கட்டணம் 5 வெள்ளிதான், வழக்கறிஞர் தேவையில்லை, 50,000 வெள்ளி வரை கேட்கலாம். மூன்று வருடத்துக்குள் போட வேண்டும். பில், வாட்ஸ்அப் படம், ஈப்போ அண்ணன் எழுதிக் கொடுத்த அளவு, உடைந்த பிஸ்டன், எல்லாவற்றையும் ஒரு மைலோ பெட்டியில் போட்டுத் தூக்கிக்கொண்டு போனேன். பிஸ்டனை மேசையில் வைத்ததும் பட்டறைக்காரர் சமரசத்துக்கு வந்துவிட்டார். 3,600 வெள்ளி, இரண்டு தவணை. முதல் தவணை வந்துவிட்டது. இரண்டாவது அடுத்த மாதம் 15-ஆம் தேதி. வந்ததும் இதே பதிவில் சேர்க்கிறேன்.