தையல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு கார்வான்

வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுக்கிறேன். இரண்டு கையும் துணியில் இருக்கும்போது கைப்பேசியில் நடுவே வரும் விளம்பரத்தை யார் நிறுத்துவது? அதனால்தான் சரிகம நிறுவனத்தின் தமிழ் கார்வானை, அதாவது பழைய பாட்டுகளை உள்ளேயே போட்டுத் தரும் பாட்டுப்பெட்டியை, வாங்கினேன். விலை ஆறாயிரம் ரூபாயை ஒட்டி.

பாட்டுக்கு ஆறாயிரமா என்றாள் அக்கா. கணக்குப் போட்டுக் காட்டினேன். 2019-இல் கைப்பேசியில் பாட்டுக் கேட்கும் ஸ்பாடிஃபை செயலி இந்தியாவுக்கு வந்தபோது மாதச் சந்தா 119 ரூபாய்; வருடத்துக்கு 1,428. நான்கு வருடம் தாண்டினால் பெட்டி லாபம். சந்தா நின்றால் இறக்கி வைத்த பாட்டும் கூடவே போய்விடும். அந்தச் சந்தாவும் நான் கேட்கும் பாடகருக்கு நேராகப் போவதில்லை. எல்லோர் பணமும் ஒன்றாகச் சேர்ந்து, அதிகம் கேட்கப்படும் பாடல்களுக்கே அதிகம் பிரிகிறது.

பெட்டிக்குள் 5,000 பாடல்கள். குமிழைத் திருப்பினால் டி.எம்.எஸ்., பி.சுசீலா, எம்.எஸ்.வி. என்று மாறிக்கொண்டே போகலாம். மின்சாரம் போனால் கொக்கி, காஜா என்று கைவேலைக்கு மாறிவிடுவேன்; பெட்டி பேட்டரியில் பாடிக்கொண்டிருக்கும். மின்சாரம் இருக்கும்போது தையல் மோட்டார் இரைச்சலுக்கு மேலே டி.எம்.எஸ். குரல் கணீரென்று கேட்கும், புல்லாங்குழல்தான் அமுங்கிப்போகும். அதற்குப் பெட்டியைக் குறை சொல்ல மாட்டேன்.

நினைத்த பாட்டை நினைத்த நொடியில் கேட்க நினைப்பவர்களுக்கு இது சரிப்படாது. பாடல்களைப் பிரதி எடுக்கவும் வழியில்லை. அந்தக் கால எச்.எம்.வி. இசைத்தட்டுகளை வெளியிட்ட கம்பெனிதான் சரிகம. குழாய்க்குள் காது கொடுத்தபடி ஒரு நாய் உட்கார்ந்திருக்குமே, அதேதான். எந்தப் பாட்டின் உரிமை அவர்கள் கையில் இருக்கிறதோ, அதுதான் உள்ளே இருக்கும். மற்ற கம்பெனிகள் வெளியிட்ட பாட்டு வேண்டுமானால் யூஎஸ்பியில் நாமே போட்டுக்கொள்ள வேண்டும்.

ஆறாயிரத்தில் பாட்டு எழுதியவர் வீட்டுக்கு எவ்வளவு போயிருக்கும் என்று எனக்கு ஓர் அரிப்பு உண்டு. பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் ராயல்டி உரிமையை, அதாவது பாட்டின் வருமானத்தில் தங்களுக்கு வரும் பங்கை, கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட முடியாதபடி பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியது 2012-இல். பாட்டெழுதிய கண்ணதாசன் மறைந்ததோ அதற்கு வெகு முன்பே, 1981-இல்.

பழைய பாட்டு மட்டும் போதும் என்பவர்கள் தாராளமாக வாங்கலாம். என் மகள் இதைத் திரும்பியும் பார்ப்பதில்லை. அவள் கேட்பதெல்லாம் போன வாரம் வந்த பாட்டு. அவளுக்கான மாதச் சந்தாவைத் தனியாகக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.