மரபணுவா, உலையா, எறும்பா? பட்டறையைச் செல்களாகப் பிரிக்க எது உதவும்?

லேத்துகள் ஒரு மூலையில், மில்லிங் இயந்திரங்கள் மறுமூலையில் என்றிருக்கும் பட்டறையில் ஒவ்வொரு பாகமும் ஊர் சுற்றித்தான் முடிவுக்கு வரும். ஒத்த பாகங்களுக்கு வேண்டிய இயந்திரங்களை ஒரே இடத்தில் குழுவாக, அதாவது ஒரு செல்லாகச் சேர்த்தால் அலைச்சல் குறையும். ஆனால் 10 இயந்திரங்களைக் குழுக்களாகப் பிரிக்க 1,15,975 வழிகள் உண்டு. 20 இயந்திரங்களுக்கு 51 லட்சம் கோடிக்கும் மேல். எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்க முடியாது. அதனால்தான் இயற்கையைப் பார்த்து எழுதிய அல்காரிதங்களை, அதாவது கணினி விடை தேடும் வழிமுறைகளை, நாடுகிறோம்.

பெயரும் புகழும் அதிகம் பெற்றது ஜான் ஹாலண்ட் 1975இல் விரித்துரைத்த மரபணு அல்காரிதம். இரண்டு நல்ல விடைகளைப் பெற்றோராகக் கொண்டு, அவற்றின் பகுதிகளைக் கலந்து புதிய விடையைப் பிள்ளையாகப் பெறுவது அதன் வழி. இந்த வேலைக்கு அதை அப்படியே எடுத்தால் சறுக்கும். ஐந்து இயந்திரங்களும் எந்தெந்தச் செல்லில் என்பதைக் காட்டும் எண்கள் 1,1,2,2,3 என்றும் 2,2,3,3,1 என்றும் இரண்டு விடைகள் இருக்கட்டும். எண்கள்தாம் வேறு, பிரிவினை ஒன்றே. முதல் மூன்றை ஒன்றிலிருந்தும் கடைசி இரண்டை மற்றதிலிருந்தும் எடுத்துக் கலந்தால் 1,1,2,3,1 பிறக்கிறது. ஒரே மாதிரியான பெற்றோருக்கு முற்றிலும் வேறான பிள்ளை! எண்ணுக்குப் பதிலாக முழுச் செல்லையே மரபணுவாகக் கொண்டு ஃபால்கனாவர் என்ற ஆய்வாளர் இதைச் சரிசெய்தார். 2004இல் கொன்சால்வெஸும் ரெசெண்டேயும் மரபணு முறையோடு அண்டைத் தேடலையும் (கையிலுள்ள விடையைச் சிறிது மாற்றி மேம்படுத்துவது) இணைத்து நல்ல விடைகளைக் கண்டார்கள். பெரிய பட்டறைக்கு என் தேர்வு இந்தக் கலப்பு வகைதான்.

உலோகத்தைக் காய்ச்சி மெல்லத் தணிப்பதைப் பின்பற்றும் முறையை 1983இல் கிர்க்பேட்ரிக் குழுவினர் வெளியிட்டனர். கையில் ஒரே விடை. ஓர் இயந்திரத்தை இடம் மாற்றிப் பார். மோசமானாலும் தொடக்கத்தில் சில வேளை ஏற்றுக்கொள். நிரல் சில பக்கங்களில் முடிந்துவிடும். தணிக்கும் வேகத்தில் மட்டும் பொறுமை வேண்டும். சிறிய பட்டறைக்கு இதைத் தாண்டிப் போக வேண்டியதில்லை.

எறும்புக் கூட்டத்தைப் பின்பற்றி டொரிகோ அமைத்த அல்காரிதத்தின் எறும்புகள் பாதை தேடுபவை. செல் பிரிப்பில் பாதை ஏது? செல்லுக்குள் இயந்திரங்களை எந்த வரிசையில் நிறுத்துவது என்ற கேள்விக்கு அவற்றை அழைக்கலாம். 1995இல் வந்த பறவைத் திரள் முறையில் ஒவ்வொரு விடையும் நல்ல விடைகளை நோக்கிப் பறவைபோல் நகரும். அது இன்னும் பொருந்தாது: முதல் செல்லுக்கும் மூன்றாம் செல்லுக்கும் நடுவே பறந்தால் இரண்டாம் செல் வரும், அதற்கு எந்தப் பொருளும் இல்லை. குயில், வௌவால் என்று நீளும் விலங்குப் பட்டியலைப் பெரும்பாலும் பழைய சரக்கு, புதுச் சட்டை என்றே சொல்வேன்.

எதைத் தேர்ந்தாலும் அளவுகோலைக் கவனியுங்கள். வழக்கமான தொகுப்புத் திறன் அளவு, செல்லுக்கு வெளியே போகும் வேலைகளையும் உள்ளே வெறுமையாக நிற்கும் இடங்களையும் (செல்லில் இருந்தும் ஒரு பாகத்துக்குத் தேவைப்படாத இயந்திரங்கள்) மட்டுமே எண்ணுகிறது. மாதம் பத்தாயிரம் போகும் பாகமும் பத்தே போகும் பாகமும் அதன் கணக்கில் சமம். உற்பத்தி அளவைச் சேர்க்காமல் அல்காரிதத்தை மாற்றிக்கொண்டே இருப்பது வீண்வேலை.