ஒக்டோபர் செய்லிங்குக்கு வேண்டின ட்ரை சூட்: காசு வீணில்லை

ரொறன்ரோவில அனேகமான பாய்ப்படகுக் கிளப்காரர் ஒக்டோபரோட படகெல்லாத்தையும் கரைக்கு ஏத்திப்போடுவினம், நல்ல காத்து அடிக்கிறதும் அப்பதான், வீட்டில வேலை குவியிறதும் அப்பதான். பீலியில இலை அள்ளோணும், வின்ரர் டயர் மாத்தோணும், சனிக்கிழமை எண்டா பிள்ளையளைத் தமிழ் வகுப்புக்கு ஏத்தி இறக்கோணும். அந்த வகுப்பு முடியிறதுக்கிடையில கிடைக்கிற நேரத்திலதான் நான் ஏரியில படகு விடுறது.

அதுக்கு இந்த ட்ரை சூட், அதாவது தண்ணி உள்ளுக்குப் போகாத முழு உடுப்பு, உண்மையிலேயே உதவி. தண்ணி உள்ளுக்குப் போற வெட் சூட்டெண்டா ஈரத்தோட உரிச்சுக் கழட்டவே கை விறைச்சிடும், இது கரைக்கு வந்து கழட்டினா உள்ளுக்குக் காஞ்ச உடுப்பு, அப்பிடியே கடைக்குப் போய் மரக்கறியும் வாங்கிக்கொண்டு வரலாம். ஆனா சூட் தன்பாட்டில சூடு தராது, உள்ளுக்கு ஃப்ளீஸ் எண்ட கதகதப்பான உடுப்புப் போடோணும், தண்ணி 10 பாகை மட்டில நிக்கேக்க சின்னப் படகு கவிண்டா ஃப்ளீஸ் இல்லாமச் சமாளிக்கேலாது.

தண்ணி போகாமக் கழுத்தை இறுக்கிப் பிடிக்கிற லேட்டெக்ஸ் ரப்பர் வளையம், அந்த 'சீல்'தான் கரைச்சல். தலையை விடேக்க மூச்சு முட்டும், மனுசி பாத்துச் சிரிச்சவ. டால்க் பவுடர் பூசினா வழுக்கிக்கொண்டு இறங்கும். போட்ட உடன குந்தியிருந்து, கழுத்து ரப்பரை விரிச்சு உள்காத்தை வெளிய விடோணும். சன்ஸ்கிரீன், எண்ணெய் படவிடாதேங்கோ, ரப்பர் பழுதாப்போகும். சூட்டின்ர ஸிப்புக்கு மெழுகு தேய்ச்சா லேசா ஓடும்.

அலசிக் குளியலறையில தொங்கவிட்டா அரைநாளுக்கு ஒருத்தரும் குளிக்கேலாது, அதுதான் வீட்டில சண்டை. விலையும் கூடத்தான். செகண்ட் ஹாண்டில எடுக்கிறதெண்டா அந்த ரப்பர் சீல்களை இழுத்துப் பாருங்கோ, வெடிப்புத் தெரிஞ்சா மாத்திற காசையும் கணக்கில வச்சுப் பேரம் பேசுங்கோ.