வேர்ட் கோப்பிலிருந்து கமெண்டுகளை உருவி எடுப்பது: நான்கு ஆண்டு அனுபவம்

ஆங்கிலக் கையேடுகளைத் தமிழில் மொழிபெயர்த்து, அச்சுக்குப் போகும்வரை கூடவே இருந்து திருத்துவது என் வேலை. சிங்கப்பூரில் இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், ஒரு 40 பக்கக் கையேட்டைக் குறைந்தது மூன்று பேராவது பார்ப்பார்கள்: பணம் கொடுக்கும் அலுவலகத்தில் தமிழ் தெரிந்த ஒருவர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், அப்புறம் கடைசி நேரத்தில் "நானும் ஒரு தடவை பார்த்துவிடுகிறேனே" என்று நுழைகிற யாரோ ஒருவர். மூவரும் வேர்டின் ஓரத்தில் கமெண்ட் போட்டு அனுப்புவார்கள். அதற்குப் பிறகு அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் வரும்: எதை ஏற்றீர்கள், எதை ஏற்கவில்லை, ஏன் என்று ஓர் அட்டவணை போட்டு அனுப்புங்கள்.

அந்த அட்டவணைக்காகத்தான் இவ்வளவு பாடும். 2021இல் முதல்முறை கேட்டபோது ஒவ்வொன்றாகக் காப்பி பேஸ்ட் செய்தேன். 130 சொச்சம் கமெண்ட். ஈசூன் வட்டாரத்தில் இருக்கும் என் வீட்டில் ராத்திரி ஒரு மணி வரை உட்கார்ந்து முடித்தேன், மறுநாள் பார்த்தால் நடுவில் ஒரு பக்கத்தையே விட்டிருக்கிறேன். அதற்கப்புறம்தான் வேறு வழி தேட ஆரம்பித்தேன்.

முதலில் கண்ணில் பட்டது வேர்டிலேயே இருக்கும் வசதி. பிரிண்ட் பக்கத்தில் எல்லாப் பக்கங்களையும் அச்சிடு என்று இருக்கும் இடத்தை அழுத்தினால் கீழே 'லிஸ்ட் ஆஃப் மார்க்கப்' என்று ஒன்று வரும். அதைத் தேர்ந்தெடுத்து பிடிஎஃப் ஆக்கினால் கமெண்டுகளும் திருத்தங்களும் பக்கவாரியாகப் பட்டியலாக வந்துவிடும். ஒரு நிமிட வேலை. ஆனால் யார், எப்போது, என்ன சொன்னார் என்பது இருக்குமே தவிர, எந்தச் சொல்லைப் பார்த்துச் சொன்னார் என்பது இருக்காது. "இதை மாற்றவும்" என்று ஒரு வரி. எதை ஐயா? கமெண்ட் என்பது பாதிதான், அது எந்த எழுத்தின் மேல் தொங்குகிறதோ அதுதான் மறுபாதி. இந்த நான்கு வருஷத்தில் நான் பார்த்த ஒவ்வொரு கருவியையும் இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் எடை போட்டேன், பாதிக்கு மேல் அங்கேயே தோற்றுப்போயின.

அடுத்தது ஜிப் வழி. 2007க்குப் பிறகு வந்த வேர்ட் கோப்புகள், அதாவது டாக்எக்ஸ் என்று முடிபவை, உண்மையில் ஜிப் பொட்டலங்கள்தான். ஒரு நகல் எடுத்து, பெயரின் கடைசிப் பகுதியை ஜிப் என்று மாற்றித் திறந்தால் உள்ளே 'வேர்ட்' என்று ஒரு ஃபோல்டர், அதில் 'கமெண்ட்ஸ்' என்ற எக்ஸ்எம்எல் கோப்பு. எழுதியவர் பெயர், முதலெழுத்துகள், நேரம், ஓர் எண், கமெண்ட் எல்லாம் அதில் இருக்கும். தொங்கும் எழுத்து மட்டும் பக்கத்திலிருக்கும் 'டாக்குமெண்ட்' கோப்பில், அதே எண்ணைப் போட்டு, இங்கே தொடக்கம் இங்கே முடிவு என்று குறித்திருக்கும். நீங்கள்தான் இரண்டையும் கோர்க்க வேண்டும். மூன்றாவது நிமிடத்தில் கண் பூத்துவிடும், ஆனால் கோப்பு பழுதாகி வேர்டில் திறக்காமல் அடம்பிடித்த ஒரு நாளில் இதுதான் என்னைக் காப்பாற்றியது.

கடைசியில் நிலைத்தது ஒரு சின்ன மேக்ரோ, அதாவது வேர்டுக்குள்ளேயே எழுதி ஓடவிடும் குறுநிரல், முப்பது வரிகூட இருக்காது. கோப்பில் உள்ள கமெண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, அதன் 'ஸ்கோப்' என்ற பகுதியை, அதாவது தொங்கும் எழுத்தைப் பிடித்து, புதிய கோப்பில் ஓர் அட்டவணை போட்டுவிடும். முதல் தடவை அது ஓடி 12 விநாடியில் அட்டவணை வந்து நின்றபோது, கீழே இறங்கிப் போய் ஒரு தே தாரிக் வாங்கிக் குடித்தேன்.

சரி, குறைகள். தமிழுக்கே உரிய ஒரு தொல்லை: ஒற்று. நம் தமிழாசிரியர்கள் போடும் கமெண்டில் பாதி ஒற்றைப் பற்றித்தான். ஐயா "படிவத்தை" என்ற சொல்லில் கர்சரை வைத்து "ஒற்று!" என்று எழுதிவிடுவார். எதையும் தேர்ந்தெடுக்காமல் கமெண்ட் போட்டால் வேர்ட் அந்த ஒரு சொல்லோடு அதைக் கட்டிவிடும். என் அட்டவணையில் "படிவத்தை" என்று ஒரு கட்டம், "ஒற்று!" என்று ஒரு கட்டம். அந்தக் கையேட்டில் படிவத்தை என்ற சொல் 23 இடத்தில் இருந்தது. அடுத்த சொல் "பூர்த்தி" என்றால் ப், "சமர்ப்பிக்கவும்" என்றால் ச், "அனுப்பவும்" என்றால் ஒன்றும் வேண்டாம். அடுத்த சொல் தெரியாமல் என்ன செய்வது?

அதனால் அந்தச் சொல் இருக்கும் வாக்கியத்தையே எடுக்கும்படி மாற்றினேன். அது வேறு வம்பாகிவிட்டது. வேர்டுக்கு வாக்கியம் என்றால் புள்ளியும் இடைவெளியும்தான், "திரு." வந்தால் வாக்கியம் முடிந்தது என்று வெட்டிவிடுகிறது, பெயருக்கு முன்னால் தலைப்பெழுத்து வந்தாலும் அப்படியே. இப்போது முழுப் பத்தியையும் எடுத்து, கமெண்ட் தொங்கும் சொல்லை மட்டும் தடித்த எழுத்தாக்கிக் காட்டுகிறேன். அட்டவணை நீளமாகிறது, பரவாயில்லை.

இன்னொன்று, மேக்ரோ எழுதும் திரையில் தமிழே வராது. "பக்கம்", "கருத்து" என்று அட்டவணையின் தலைப்புகளை நேராக எழுதினேன், எல்லாம் கேள்விக்குறிகளாக நின்றன. தலைப்பு வரிசையை மட்டும் தமிழில் அடித்த ஒரு வெற்றுக் கோப்பை மாதிரியாக வைத்துக்கொண்டு, மேக்ரோ அதைத் திறந்து கீழே நிரப்பும்படி செய்ததும் சரியாகிவிட்டது.

பக்க எண்ணை நம்பி நான் பட்டதும் உண்டு. என் விண்டோஸ் கணினியில் லதா எழுத்துருவில் 14ஆம் பக்கத்தில் இருப்பது, மேக் வைத்திருக்கும் ஒருவரிடம் வேறு எழுத்துரு மாற்றாக வந்ததும் 15க்குப் போய்விடுகிறது. போனில் ஆளுக்கொரு பக்கத்தைப் பார்த்துக்கொண்டு பத்து நிமிடம் பேசினோம். அதிலிருந்து கமெண்டின் வரிசை எண்தான் என் கணக்கு.

நேரமும் அப்படித்தான். கமெண்டோடு பதிவாவது எழுதியவரின் கணினி காட்டும் உள்ளூர் நேரம். சென்னையிலிருந்து கையேட்டைப் பார்த்துக் கமெண்ட் போட்ட ஒருவருக்கு மாலை 6 மணி கெடு, அட்டவணையில் 4:10 என்று இருந்தது, நல்ல பிள்ளை என்று நினைத்தேன். நமக்கும் அவர்களுக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம், இங்கே 6:40 ஆகியிருந்தது. புதிய வேர்ட் பதிப்புகள் உலகப் பொது நேரத்தையும் தனியாக எழுதி வைக்கின்றன, பழையவை இல்லை.

பெரிய அடி வாங்கியது 2023இல். கோப்பு வந்ததும் ஆர்வக்கோளாறில் திருத்த ஆரம்பித்துவிட்டேன், திருத்தங்களைத் தடம் காட்டும் டிராக் சேஞ்சஸ் வசதியைப் போடாமல். ஒரு பத்தி தேவையில்லை என்று ஐயா எழுதியிருந்தார், அந்தப் பத்தியை நீக்கினேன். எழுத்து முழுவதும் போனால் அதில் தொங்கிய கமெண்டும் சேர்ந்து போய்விடும் என்று அப்போது உறைக்கவில்லை. பிறகுதான் மேக்ரோவை ஓடவிட்டேன். இரண்டு நாள் கழித்து ஐயாவே கூப்பிட்டார். "ஏம்மா, நான் 18 எழுதினேன், உன் அட்டவணையில 16தான் இருக்கு. ரெண்டை முழுங்கிட்டியா?" அவர் தாளில் எண்ணி வைத்திருக்கிறார்! இப்போது கோப்பு வந்தவுடன் முதல் வேலை, ஒரு நகல் எடுத்து மேக்ரோவை ஓட்டுவது. திருத்தம் எல்லாம் அதற்குப் பிறகு.

சில கோப்புகளில் எல்லார் பெயரும் 'ஆத்தர்' என்று மாறி வரும். சேமிக்கும்போது தனிப்பட்ட விவரங்களை நீக்கு என்ற அமைப்பு அந்த அலுவலகத்தில் போட்டிருப்பதால் வரும் வினை, அதை மேக்ரோ சரிசெய்ய முடியாது. கமெண்டுக்குக் கீழே வரும் பதில்களைத் தனி வரிசையாகவே எடுத்துக்கொண்டிருந்தேன், "சரிங்க" என்று ஒரு முழு வரிசை. இப்போது தாய்க் கமெண்டின் கட்டத்திலேயே சேர்த்துவிடுகிறேன்.

இணையத்தில் கோப்பை ஏற்றினால் கமெண்டை எடுத்துத் தரும் தளங்கள் இருக்கின்றன. வெளியாகாத கையேட்டை ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. கட்டளை வரியில் வேலை செய்பவர்கள், கோப்பை வேறு வடிவத்துக்கு மாற்றும் பான்டாக் என்ற கருவியைப் பார்க்கலாம், திருத்தங்களை அப்படியே வை என்ற விருப்பத்தோடு மாற்றினால் கமெண்ட் அதனதன் இடத்திலேயே எழுத்தோடு நிற்கும், எனக்குப் பிடித்திருந்தது, ஆனால் அட்டவணை கேட்பவர்களிடம் அதைக் கொடுக்க முடியாது.

இன்னும் தீராதது ஒன்று. சில வேலைகளுக்கு அவர்களே மடிக்கணினி கொடுத்துவிடுவார்கள், கோப்பு அதைவிட்டு வெளியே போகக்கூடாது, அதில் மேக்ரோ முழுக்கத் தடை. அங்கே மறுபடியும் ஜிப் வழிதான், எண்ணைப் பார்த்துப் பார்த்துக் கையால் கோர்ப்பது. போன மாதம் அப்படி 31 கமெண்ட், ஒன்றரை மணி நேரம் ஆனது.