அண்டார்டிகா கப்பல்: 100 பேரா, 200 பேரா, 500க்கு மேலா?

அண்டார்டிகா போக எந்தக் கப்பல் நல்லது என்று கேட்பவர்கள் பெரும்பாலும் பால்கனி உண்டா, சாப்பாடு எப்படி என்றுதான் விசாரிக்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது கப்பலில் எத்தனை பயணிகள் என்பதை. காரணம், 1991இல் தொடங்கிய ஐயாட்டோ என்கிற சுற்றுலா நிறுவனங்களின் சங்கம் வைத்திருக்கும் விதி: ஓர் இடத்தில் ஒரே நேரத்தில் 100 பயணிகள்தான் கரையில் நிற்கலாம், 500 பேருக்கு மேல் ஏற்றிவரும் கப்பல் யாரையுமே இறக்கக் கூடாது.

ஆக, பெரிய கப்பலில் போனால் மேல்தளத்தில் காபியோடு நின்று பனிமலைகளைப் பார்த்துவிட்டு வரலாம், அவ்வளவுதான். மூட்டு வலியுள்ள பெரியவர்களுக்கு அதுவே போதும், செலவும் பொதுவாகக் குறைவு. பெங்குவின் பக்கத்தில் நிற்கிற ஆசை இருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

200 பேர் கப்பலில் பாதிப் பேர் கரைக்குப் போவார்கள், மீதிப் பேர் சோடியாக் என்ற ரப்பர் படகில் பனிப்பாறைகளுக்கு நடுவே சுற்றுவார்கள், அப்புறம் மாறிக்கொள்வார்கள். கரையில் சுமார் ஒரு மணி நேரம் கிடைக்கும். வானிலை ஒத்துழைத்தால் காலையில் ஒன்று, மதியம் ஒன்று. 100 பேர் கப்பலில் இந்தப் பங்கீடே வேண்டாம், எல்லோரும் ஒன்றாக இறங்கி இரண்டு, மூன்று மணி நேரம்கூட இருக்கலாம்.

அந்த ஒரு மணி நேரமும் சும்மா வந்துவிடாது. கிருமிநாசினித் தொட்டியில் பூட்ஸை நனைத்து, படகோட்டியின் முன்கையை இறுகப் பிடித்து, ஆடுகிற படகில் இறங்கி உட்கார வேண்டும். கூவர்வில் தீவு மாதிரி ஜென்டூ பெங்குவின்கள் கூடும் இடம் என்றால் கரை தொடுவதற்கு முன்பே நாற்றம் வந்துவிடும், கிரில் என்ற இறால் மாதிரிச் சின்ன உயிரியைத் தின்று தின்று எச்சம்கூட இளஞ்சிவப்பாக இருக்கும். 5 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது நமக்குத்தான் விதி, பெங்குவினுக்கு யார் சொல்வது? அது காலடிக்கே வந்தால் அசையாமல் நிற்க வேண்டியதுதான். பறவைக் காய்ச்சல் பயத்தில் இப்போது தரையில் உட்காரவோ பையை வைக்கவோ விடுவதில்லை. கரையில் கழிப்பறையும் கிடையாது, அதனால் காலை டீயைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

சின்னக் கப்பலின் பலவீனம், தென் அமெரிக்காவுக்கும் அண்டார்டிகாவுக்கும் நடுவே இருக்கும் டிரேக் நீரிணை. அர்ஜென்டினாவின் உசுவாயாவிலிருந்து போக இரண்டு நாள், வர இரண்டு நாள், கடல் கொந்தளித்தால் சின்னக் கப்பல்தான் அதிகம் ஆடும். சிலியின் புண்டா அரீனாஸிலிருந்து அண்டார்டிகா பக்கம் உள்ள கிங் ஜார்ஜ் தீவுக்கு இரண்டு மணி நேரத்தில் விமானத்தில் போய் அங்கே கப்பல் ஏறும் வழியும் உண்டு. ஆனால் அங்கே மூடுபனி இறங்கிவிட்டால் புண்டா அரீனாஸ் ஓட்டலில் காத்துக் கிடக்கிற நாளெல்லாம் உங்கள் பயண நாட்களில்தான் கழியும்.

வயிறு தாங்கும் என்றால் 100 பேர் கப்பல்தான் என் தேர்வு. இல்லையென்றால் 200, தயங்காமல். 400 பேர் கப்பலும் "எக்ஸ்பெடிஷன்" என்றுதான் விளம்பரம் செய்யும், எத்தனை குழுவாகப் பிரிப்பீர்கள் என்று முன்பதிவுக்கு முன்பே கேட்டுவிடுங்கள். 200இல் படகுச் சுற்று கிடைத்தவர்களைப் பார்த்துப் பரிதாபப்படவும் வேண்டாம். பிப்ரவரியில் கூன்முதுகுத் திமிங்கலம் மூச்சு விடுகிற சத்தத்தை, மீன் வாடையோடு சேர்த்து, பக்கத்திலிருந்து அனுபவிப்பது அவர்கள்தான்.