கொங்கிரீட் கல் பெனல்: ஹட்டன் மழையில் சில வருடங்களுக்குப் பிறகு

வீட்டு முன்சுவரிலும், அத்திவாரத்துக்கு மேலே வெளியில் தெரியும் பகுதியிலும் ஒட்டியிருப்பது நானே அச்சில் வார்த்த கொங்கிரீட் கல் பெனல்கள். தென்மேல் பருவமழை பல தடவை அதில் அடித்து ஓய்ந்துவிட்டது. வந்து பார்ப்பவர்கள் முதலில் கேட்பது, "நிஜக் கல் மாதிரியே எப்படி வந்தது?" என்றுதான். கல்லின் முகம் வருவது கஷ்டமே இல்லை, நல்ல அச்சு இருந்தால் போதும். இங்கே சுவரைக் காப்பாற்றுவதும் கெடுப்பதும் பெனலுக்குப் பின்னால் போகும் தண்ணீர். இந்த அனுபவத்தில் நான் சொல்ல விரும்புவதில் பாதிக்கு மேல் அந்தத் தண்ணீரைப் பற்றியது.

மலையகத்தில் வளர்ந்தவர்களுக்குக் கருங்கல் கட்டு புதிதல்ல. பழைய துரை பங்களா, தோட்டத்துப் பாலம், ரோட்டோரத் தாங்கு சுவர் என்று கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். ஹப்புத்தளையில் 1931இல் கட்டிய அடிசம் பங்களாவைப் பார்த்தவர்களுக்கு அந்த அழகு மனசிலிருந்து போகாது. அப்படிக் கல்லைச் செதுக்கி அடுக்கத் தெரிந்தவர்கள் இப்போது குறைவு. கிடைத்தாலும் கூலி, லொறி, கல்லின் பாரம் எல்லாம் சேர்ந்து சாதாரண வீட்டுக்காரருக்குக் கட்டுப்படியாகாது. 20 மில்லிமீற்றர் கனத்தில் வார்த்த பெனல் சதுர அடிக்குச் சுமார் 4 கிலோ வரும். நல்ல செங்கல் சுவரோ புளொக் கல் சுவரோ அதைத் தாங்கும். பழைய லயன் வீட்டு மண் காரைச் சுவர் தாங்காது, அதில் கை வைக்காதீர்கள்.

முதலில் அச்சு. கடையில் கிடைக்கும் மெல்லிய பிளாஸ்டிக் அச்சுகள் மலிவு, பாரமும் இல்லை. ஆனால் ஓரங்கள் சீக்கிரம் வெடிக்கின்றன, கல்லின் நுணுக்கமான வரிகளும் அதில் விழுவதில்லை. பொலியூரித்தேன் றப்பர் அச்சு அருமையானது, நூற்றுக்கணக்கான தடவை வார்க்கலாம், விலைதான் கை கடிக்கும். சிலிக்கோன் கல்லின் முகத்தை அப்படியே எடுத்துத் தருகிறது. ஆனால் சுலபமாகக் கிழியும், சீமெந்தின் காரமும் நாளாக நாளாக அதை அரிக்கும். எனக்கு மிகவும் பிடித்துப்போனது நம் நாட்டு இறப்பர் பாலில் செய்த அச்சு. ஹட்டனிலிருந்து கித்துல்கல வழியாக இறங்கினால் யட்டியந்தோட்டைப் பக்கம் இறப்பர் நாடுதானே! மரத்திலிருந்து எடுத்த பாலை அப்படியே வாங்கி வந்தால் வழியிலேயே திரைந்துவிடும். அமோனியா சேர்த்து, 60% அளவுக்குச் செறிவாக்கிய பால்தான் வேண்டும்.

கல் குவாரியில் உடைந்து கிடந்த துண்டுகளில் முகம் நல்லதாகப் பார்த்துப் பொறுக்கி, பலகையில் பரப்பி, இடுக்குகளைக் களிமண்ணால் அடைத்தேன். அதன் மேல் தூரிகையால் பாலைப் பூச வேண்டும். வெள்ளையாக இருப்பது காய்ந்து தேன் நிறமாக மாறிய பிறகே அடுத்த பூச்சு. பத்துப் பன்னிரண்டு பூச்சாவது தேவை. நடுவில் பார்மசியில் வாங்கும் கோஸ் துணியை வைத்துப் பூசினால் அச்சு இழுபடாது. மூடுபனி இறங்கும் நாட்களில் ஒரு பூச்சு காயவே நாள் முழுக்கப் போகும், ஆகவே இந்த வேலையை பெப்ரவரி, மார்ச்சில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் பின்புறத்துக்குச் சீமெந்தில் ஒரு தாங்கும் கூடு வார்க்க வேண்டும், இல்லாவிட்டால் பாரத்தில் அச்சு வளைந்து பெனலும் கோணலாகும். எண்ணெய் மட்டும் இறப்பர் பால் அச்சுக்கு ஆகாது. இயற்கை இறப்பர் எண்ணெயில் ஊதிக் கொழகொழத்துப் போகும். பெனல் ஒட்டாமல் கழல்வதற்குச் சவர்க்காரத் தண்ணீர் தடவினாலே போதும். வேலை முடிந்ததும் வெயில் படாத இடத்தில் வைத்தால் இந்த அச்சு நன்றாக உழைக்கும்.

கலவை ஒரு பங்கு சீமெந்து, மூன்று பங்கு மணல். ஆற்று மணல் மன்னம்பிட்டி போன்ற இடங்களிலிருந்து மலை ஏறி வருவதற்குள் விலையும் ஏறிவிடுகிறது. அரைத்த கல் மணலும் நன்றாகவே வேலை செய்கிறது, தூசு அதிகமாக இருந்தால் மட்டும் அலசிக்கொள்ள வேண்டும். தண்ணீரை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைக்க வேண்டும். சீமெந்து நிறையில் பாதிக்கும் குறைவான தண்ணீரில் கலவை இளகி வருவதற்கு பிளாஸ்டிசைசர் திரவம் உதவும். தண்ணீர் கூடினால் வார்ப்பது சுகம், ஆனால் காய்ந்த பின் கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைந்து, பெனல் மழையைக் குடிக்கும். அச்சில் கலவை போடுவதற்கு முன் கெட்டியான சீமெந்துப் பாலைத் தூரிகையால் அடித்துவிட்டு, பிறகு மேசையை அடியிலிருந்து தட்டித் தட்டிக் காற்றுக் குமிழ்களை வெளியேற்ற வேண்டும். பின்புறத்தை வழவழப்பாக்காதீர்கள். ஈரமாக இருக்கும்போதே சீப்புக் கரண்டியால் கீறி விட்டால்தான் சுவரில் பிடிக்கும்.

நிறம் விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். கடைகளில் விற்கும் பெனல்கள் பல, எல்லாம் ஒரே பழுப்பு அல்லது ஒரே சாம்பல். நம் மலைக் கல் அப்படி இருக்காது. வெட்டிய கருங்கல்லில் கறுப்பும் வெள்ளையும் வரிவரியாக ஓடும், அங்கங்கே துருப்பிடித்த மஞ்சள் எட்டிப் பார்க்கும், சில கல்லில் இலேசான பச்சைச் சாயல்கூட இருக்கும். அடிசம் சுவருக்குப் பக்கத்தில் போய் நின்று பாருங்கள், அடுத்தடுத்த இரண்டு கல் ஒரே நிறத்தில் இருக்காது. சிவப்புச் சீமெந்துத் தரைக்குப் போடுகிற அதே இரும்பு ஒக்சைட் சாயம்தான் இதற்கும். சிவப்பு, மஞ்சள், கறுப்பு மூன்றும் கிடைக்கும், வெயிலுக்கு வெளிறாது. கறுப்பு வாங்கும்போது அது இரும்பு ஒக்சைட்தானா என்று கேட்டு வாங்குங்கள். கரித்தூள் வகைக் கறுப்பு மழையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவுப்பட்டுப் போகும். அளவு சீமெந்து நிறையில் 5% போதும், அதாவது 50 கிலோ மூட்டைக்கு 2.5 கிலோ. 10%ஐத் தாண்டினால் பலம் குறையும். முழுக் கலவைக்கும் இளஞ்சாம்பல் கொடுத்து, ஒவ்வொரு அச்சின் மூலையிலும் கரும் சாந்தோ மஞ்சள் சாந்தோ கொஞ்சம் தெளித்துவிட்டு வார்த்தேன். வருடங்கள் போகப் போக இந்தச் சுவர் அழகாகிக்கொண்டுதான் போகிறது.

பதப்படுத்துவது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பொலித்தீன் மூடி ஒரு நாள் விட்டு அச்சிலிருந்து கழற்றலாம். மார்கழி, தைக் குளிரில் சீமெந்து மெதுவாக இறுகும், அப்போது இரண்டு நாள் விடுங்கள். பிறகு ஒரு வாரம் தண்ணீரில் கிடக்கட்டும். பண்டாரவளையில் அக்கா வீட்டுக்கு வார்த்தபோது நிலைமை வேறு. ஊவாத் தேயிலைக்கு மணம் கொடுக்கும் அந்த ஜூலை, ஓகஸ்ட் வறண்ட காற்று, மூடாத பெனலை ஒரு மணி நேரத்திலேயே மயிர்க்கோடாக வெடிக்க வைத்துவிடும். அங்கே பொலித்தீனுக்கு மேல் ஈரச் சாக்கும் வேண்டும்.

சரி, ஒட்டும் வேலை. எங்கள் ஊர் மேசன் பாஸ் சுவரைப் பார்த்ததும் சொன்னார்: "தம்பி, பெயின்ட் மேல ஒட்டச் சொன்னா நான் கரண்டியே தொட மாட்டேன். கொத்திப் போட்டுட்டுக் கூப்பிடு." அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. பெயின்ட் சுவரில் ஒட்டிய பெனல் பெயின்டோடுதான் ஒட்டியிருக்கும், ஈரம் ஏறினால் இரண்டும் சேர்ந்து உரிந்து வரும். பழைய பூச்சைக் கொத்திச் சொரசொரப்பாக்கி, தூசைக் கழுவி, சுவர் ஈரமாக ஆனால் தண்ணீர் மின்னாமல் இருக்கும்போது ஒட்ட வேண்டும். டைல் ஒட்டும் சாந்தைச் சுவரிலும் பூசி, பெனலின் முதுகிலும் முழுதாகப் பூசினோம். நான்கு மூலையிலும் நடுவிலும் உருண்டை வைத்து ஒட்டும் பழக்கம் வெளிச்சுவருக்கு ஆகவே ஆகாது. உருண்டைகளுக்கு இடையில் இருக்கும் வெற்றிடத்தில் மழைத் தண்ணீர் குளம் கட்டி நிற்கும். பெனலின் முதுகில் சவர்க்காரம் மிச்சமிருந்தால் அதையும் தேய்த்துக் கழுவிவிடுங்கள். மூலைக்கு எல் வடிவில் தனியாக வார்த்தால்தான் கல் அடுக்கியது போலத் தெரியும். பெனலை வெட்டும்போது தண்ணீர் ஊற்றிக்கொண்டே கிரைண்டர் பிடியுங்கள், முகக்கவசம் கட்டாயம். அந்தத் தூசு நுரையீரலுக்கு நல்லதல்ல.

தண்ணீருக்காகச் செய்த வேலை மூன்று. மேல் வரிசைக்கு மேலே வெளிப்பக்கம் சரிந்த ஒரு மூடு பட்டை வைத்து, அதன் அடிவிளிம்பில் தண்ணீர் சொட்டி விழ ஒரு கோடு கீறினோம். கீழ் வரிசையை மண்ணிலிருந்து 4 அங்குலம் உயர்த்தியே தொடங்கினோம், சீமெந்துத் தரை உள்ள பக்கம் 2 அங்குலம். யன்னல் ஓரங்களைச் சாந்தால் இறுக்கிப் பூசாமல், இடைவெளி அடைக்கும் நெகிழ்வான சீலன்ட் பசை கொடுத்தோம். கினிகத்தேனை, வட்டவளைப் பக்கம் வருடத்துக்கு 5,000 மில்லிமீற்றருக்கும் மேல் மழை பெய்யும் இடங்கள் உண்டு. குளிர் நாடுகளில் தண்ணீர் உறைந்து கல்லை வெடிக்க வைப்பதைப் பற்றி நிறைய எச்சரிக்கிறார்கள். நமக்கு அந்தப் பயம் இல்லை, மாதக்கணக்கில் ஊறிக் கிடப்பதுதான் நம் பிரச்சினை.

இத்தனை மழைக்குப் பிறகு சுவர் எப்படி இருக்கிறது? ஒரு பெனலும் கழன்று விழவில்லை. முதல் மழைக்காலத்தில் மேற்குப் பக்கம் வெள்ளை பூத்தது. சீமெந்து இறுகும்போது உண்டாகும் கல்சியம் ஐதரொட்சைட்டை ஈரம் கரைத்து வெளியே கொண்டுவருகிறது. அது காற்றிலுள்ள காபனீரொட்சைட்டுடன் சேர்ந்து கல்சியம் காபனேற்றாகப் படிகிறது. நிறம் போய்விட்டதென்று பலர் பயப்படுவது இதைப் பார்த்துத்தான். சுவரை முதலில் நனைத்து, தண்ணீர் கலந்த வினாகிரியால் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவினால் அடியில் நிறம் அப்படியே இருக்கும். மலசலகூடம் கழுவும் அசிட்டை ஊற்றாதீர்கள், அது கல்லின் தோலையே அரித்து மணலை வெளியே காட்டிவிடும். வெள்ளை வருடத்துக்கு வருடம் குறைந்து, இப்போது தேடினால்தான் தெரிகிறது. அக்கா வீட்டில் அது ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகே வந்தது, அதுவும் கொஞ்சம்தான்.

வடக்குப் பக்கம் பாசி பிடிக்கிறது, அதைத் தடுக்க முடியாது. நீர்த்த குளோரின் தண்ணீர் தெளித்து, சிறிது நேரம் விட்டு, நார் பிரஷால் தேய்த்தால் போகும். அதிவேகத் தண்ணீர்ப் பம்பைக் கிட்டப் பிடித்து அடித்தால் இணைப்புச் சாந்துதான் முதலில் போகும். உண்மையைச் சொன்னால், தாழ்ந்த இரண்டு வரிசைகளில் பாசியை நான் அப்படியே விட்டிருக்கிறேன், பழைய பாலத்துக் கல் போல நன்றாக இருக்கிறது.

மேற்பூச்சு வாங்கும்போது கவனம். கல் பளபளக்கும் என்று விற்கும் அக்ரிலிக் வார்னிஷ் வகைகளை நம் ஊர் வெளிச்சுவரில் போடாதீர்கள். உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல், படலத்துக்கு அடியில் பால் நிறமாகத் தேங்கி, பிறகு தோல் உரிவது போல உரியும். பக்கத்தில் ஒரு கடைச் சுவர் இப்படித்தான் ஆனது. கல்லுக்குள் ஊறிப் போய்த் தண்ணீரை மட்டும் தள்ளும் சிலேன், சிலொக்சேன் வகை திரவம் பளபளப்பு தராது, நிறத்தையும் மாற்றாது, சுவர் மூச்சு விடும். வார்த்து 28 நாள் கழிந்த பிறகு, சுவர் நன்றாகக் காய்ந்திருக்கும்போது அடிக்க வேண்டும். மழைத்துளி உருண்டு ஓடாமல் கல்லில் கறையாகப் பரவத் தொடங்கினால் மறுபடி அடிக்கும் நேரம் வந்துவிட்டது. வருடத்துக்கு ஒரு தடவை சுத்தியலின் மரக்கைப்பிடியால் ஒவ்வொரு பெனலையும் தட்டிப் பார்க்கிறேன். இறுக்கமாகப் பிடித்திருப்பது கனத்த ஓசை தரும், விட்டுப்போனது பொள்ளென்று கேட்கும்.

வீட்டுக்குப் பின்னால் மண்ணைத் தாங்கி நிற்கும் சுவரிலும் இதை ஒட்டலாமா என்று கேட்பவர்கள் அதிகம். மலைச்சரிவில் வீடு இருப்பவர்கள் தயவுசெய்து இதைக் கவனியுங்கள். அந்தச் சுவரில் வரிசையாக இருக்கும் நீர்த் துளைகள் அழகைக் கெடுக்கின்றன என்று பெனலால் மூடிவிட்டால், மழையில் மண்ணுக்குள் சேரும் தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் சுவரைத் தள்ளும். பெனல் விழுவது சின்ன விஷயம், சுவரே சாயும், அதன் பின்னால் மேடும் வரும். ஒட்டியே ஆக வேண்டுமென்றால் ஒவ்வொரு துளைக்கும் குழாய்த் துண்டு வைத்து, பெனலின் முகத்துக்கு வெளியே நீட்டி விடுங்கள். பழைய சுவரில் வெடிப்போ வீக்கமோ தெரிந்தால் ஒன்றும் ஒட்டாதீர்கள். பெனல் அந்த வெடிப்பை மறைத்துவிடும், வளர்வது உங்களுக்குத் தெரியாமல் போகும்.

செலவு என்று பார்த்தால், 2022 நெருக்கடியில் சீமெந்து விலை ஏறியதிலிருந்து மலிவு என்று சொல்ல மனம் வரவில்லை. ஆனாலும் கடைப் பெனலோடு ஒப்பிட்டால் இலாபம்தான், முக்கியமாக அச்சை உறவுக்காரர்கள் இரண்டு மூன்று வீட்டுக்குப் பகிர்ந்துகொண்டால். ஒட்டும் கூலியில் கை வைக்காதீர்கள், நல்ல மேசனுக்குக் கேட்டதைக் கொடுங்கள். அப்புறம், தேவைக்கு மேல் ஒரு பத்துப் பெனலாவது அதே கலவையில் வார்த்து எடுத்து வையுங்கள். பின்னால் வேறு மூட்டை சீமெந்திலும் வேறு மணலிலும் வார்த்தால் நிறம் சேராது. எடுத்து வைத்ததை வீட்டுக்குள் அடுக்காமல் வெளியே மழையில் விடுங்கள், சுவரோடு சேர்ந்து அதுவும் பழையதாகட்டும்.